பலெர்மோவில் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இத்தாலிக்குப் போய் ஒரு கால்பந்து ஆட்டமாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் நண்பர்கள் பெரும்பாலும் மிலானையோ தூரினையோ மனத்தில் வைத்திருக்கிறார்கள். நான் எப்போதும் சிசிலித் தீவின் பலெர்மோவைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஏன் பலெர்மோ? அவர்கள் பெரிதாக எதையும் வென்றதில்லையே?

உண்மைதான். இத்தாலிய லீக் பட்டம் ஒருமுறைகூட இல்லை. இத்தாலியக் கோப்பையான கோப்பா இத்தாலியாவின் இறுதி ஆட்டத்துக்கு மூன்று முறை போனார்கள். 1974-ல் பொலோனியாவிடம் பெனால்டியில் தோல்வி. 1979-ல் யுவெந்துஸிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி. 2011-ல் ரோமில் இன்டரிடம் 3-1. கோப்பைகளை எண்ணிப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுப்பவர் இங்கே வரமாட்டார்.

ஆனால் 2006 உலகக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். பெர்லினில் பிரான்சுக்கு எதிராகக் கடைசி பெனால்டியை அடித்த ஃபாபியோ குரோஸ்ஸோ அன்று பலெர்மோ வீரர். அவரோடு பர்சாலி, சக்கார்தோ, பரோனே என்று அந்த உலக சாம்பியன் அணியில் நான்கு பேர் இந்தத் தீவின் கிளப்பில் இருந்து போனவர்கள். அதற்குப் பின் கவானி, பாஸ்தோரே, திபாலா மூவரும் இருபது வயதை ஒட்டிய பையன்களாகத் தென் அமெரிக்காவிலிருந்து நேராக வந்து, இந்த இளஞ்சிவப்புச் சட்டையில்தான் ஐரோப்பாவுக்கு அறிமுகமானார்கள்.

அந்தக் காலத்தின் முதலாளி மௌரிட்சியோ சம்பரீனி. 2002-ல் கிளப்பை வாங்கினார். 2004-ல், 31 ஆண்டுகளுக்குப் பிறகு, அணி முதல் நிலை லீக்கான சீரி ஏ-வுக்குத் திரும்பியது. அந்த சீசனில் லூக்கா தோனி மட்டும் 30 கோல். ஆனால் அதே முதலாளி பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டே இருந்தார். ‘பயிற்சியாளர்களைத் தின்பவர்’ என்றே இத்தாலியப் பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் கட்டின. 2017-ல் அணி சீரி ஏ-விலிருந்து இறங்கியது. 2019-ல் பணச் சிக்கலில் இரண்டாம் நிலையான சீரி பி-யிலிருந்தே நீக்கப்பட்டது.

என்னை இந்தக் கிளப்போடு கட்டிப்போட்டது அதற்குப் பிறகு நடந்ததுதான். நகர மேயர் பொது அறிவிப்பு விட்டு, கிளப்பை எடுத்து நடத்த ஆள் தேடினார். தாரியோ மிர்ரி என்ற உள்ளூர்க்காரரின் குழுவுக்கு அந்தப் பொறுப்பு போனது. உலக சாம்பியன்கள் ஆடிய அணி நான்காம் நிலையான சீரி டி-யில், சின்னச் சின்ன ஊர்களின் மைதானங்களில் ஆடியது. ரசிகர்கள் விட்டுப்போகவில்லை. 2020-ல் ஒரு படி ஏறினார்கள். 2022 ஜூன் 12 அன்று பதோவாவை வென்று சீரி பி-க்குத் திரும்பினார்கள். அடுத்த மாதமே மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர்களான சிட்டி ஃபுட்பால் குரூப் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. விழுந்த அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற ஊரை நேரில் பார்க்க வேண்டும் என்றால் பலெர்மோ போக வேண்டும்.

சட்டை ஏன் இளஞ்சிவப்பும் கறுப்புமாக இருக்கிறது?

1900 நவம்பரில் கிளப் தொடங்கியபோது நிறம் சிவப்பும் நீலமும். 1907-லிருந்துதான் இளஞ்சிவப்பும் கறுப்பும். கோமகன் ஐரோல்தி என்பவர் கிளப்புக்கு எழுதிய கடிதத்தில் இந்த யோசனையைச் சொன்னார். துயரத்துக்கு ஒன்று, இனிமைக்கு ஒன்று. ஒரு வாரம் மேலேயும் மறு வாரம் கீழேயும் போகிற அணிக்கு இந்த இரண்டும்தான் பொருந்தும் என்பது அவர் கொடுத்த விளக்கம். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த விளக்கம் இன்றும் பொருந்துகிறது. ரசிகர்கள் அணியை ‘ரோசாநேரோ’ என்றே சொல்வார்கள். ரோசா இளஞ்சிவப்பு, நேரோ கறுப்பு. சின்னத்தில் இருப்பது கழுகு. அது நகரத்தின் சின்னமும்கூட.

எந்த மாதம் போகலாம்?

ஆகஸ்ட் கடைசியிலிருந்து மே வரை லீக் நடக்கும். ஜூன், ஜூலையில் போனால் கடல் இருக்கும், ஆட்டம் இருக்காது. நவம்பர், டிசம்பரில் மழை. என் தேர்வு மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் வரை: வெயில் இதமாக இருக்கும், புள்ளிப் பட்டியலும் சூடு பிடித்திருக்கும்.

ஆட்டத் தேதியைப் பார்த்து விமான டிக்கெட் எடுத்துவிடலாமா?

வேண்டாம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கோடையில் வெளியாகும் அட்டவணையில் இருப்பது எந்த வாரம், யாருக்கு எதிராக என்பது மட்டுமே. வெள்ளி இரவா, சனி மாலையா, ஞாயிறா என்பது தொலைக்காட்சி ஒளிபரப்பை ஒட்டிப் பின்னால்தான் பகுதி பகுதியாக முடிவாகும். முன்கூட்டியே எடுத்தே ஆகவேண்டும் என்றால் வியாழன் வந்து செவ்வாய் கிளம்புகிற மாதிரி எடுங்கள். பலெர்மோவில் ஐந்து நாள் ஒரு சுமையே இல்லை.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறையக் கூடாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். இத்தாலியிலேயே அதிக நாள் தங்குவதாக இருந்தால் இத்தாலியிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

தீவுக்கு எப்படிப் போவது?

ரோமிலிருந்தோ மிலானிலிருந்தோ விமானத்தில் போவது சுலபம். பலெர்மோவுக்கு விலை அதிகமாக இருந்தால் தீவின் மறுகரையிலுள்ள கட்டானியாவுக்கும் பாருங்கள். அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர், பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

நேரம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது ரோமிலிருந்து கிளம்பும் இரவு ரயில். ஏறக்குறைய 12 மணி நேரம். இத்தாலியின் கால்விரல் நுனியில் வில்லா சான் ஜொவான்னி என்ற இடத்தில் ரயில் நிற்கும். பெட்டிகளைப் பிரித்து, தண்டவாளம் பதித்த ஒரு பெரிய கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள். மெஸ்ஸீனா நீரிணையை ரயில் அப்படித்தான் கடக்கிறது. பெட்டியிலேயே படுத்துக் கிடக்காதீர்கள். படியேறிக் கப்பலின் மேல்தளத்துக்குப் போய், சிசிலிக் கரை நெருங்கி வருவதைப் பாருங்கள். மறு கரையில் பெட்டிகளை மறுபடி கோத்து, வட கடற்கரையை ஒட்டியே பலெர்மோ வரைக்கும் ஓட்டிப் போவார்கள். ஜன்னல் இருக்கை வலப்பக்கமாகக் கிடைத்தால் கடல் கூடவே வரும்.

நேப்பிள்ஸிலிருந்து இரவுக் கப்பலும் உண்டு. மாலையில் ஏறினால் காலையில் பலெர்மோ துறைமுகம்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்கு?

ரயிலும் இருக்கிறது, பேருந்தும் இருக்கிறது. முப்பது கிலோமீட்டர் சொச்சம். மத்திய ரயில் நிலையம் போய்ச் சேர சுமார் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தின் பெயர் ஃபால்கோனே–போர்செல்லினோ. மாஃபியாவை நீதிமன்றத்தில் நிறுத்தி, அதற்காகவே 1992-ல் இரண்டு மாத இடைவெளியில் குண்டுவைத்துக் கொல்லப்பட்ட இரண்டு நீதிபதிகளின் பெயர்கள் அவை. ஃபால்கோனே கொல்லப்பட்ட கபாச்சி இதே நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. நினைவுத் தூண்கள் பேருந்திலிருந்தே தெரியும்.

மாஃபியா ஊர் என்கிறார்களே, பாதுகாப்பா?

சுற்றிப் பார்க்க வருகிறவருக்குத் தொந்தரவு ஜேப்படித் திருடர்கள்தான். கூட்டப் பேருந்திலும் சந்தையிலும் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். மாஃபியா படம் போட்ட பனியனும் காந்தப் பொம்மையும் சுற்றுலாக் கடைகளில் தொங்கும். வாங்காதீர்கள். அந்தப் பெயரால் பிள்ளைகளை இழந்த வீடுகள் அந்த ஊரில் இருக்கின்றன.

டிக்கெட் எடுப்பது எப்படி?

கிளப்பின் அதிகாரபூர்வ இணைய விற்பனை வழியாக மட்டும் எடுங்கள். இத்தாலியில் கால்பந்து டிக்கெட் பெயரில்தான் வரும். வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம் ஆட்களுக்கு இங்கே ஒரு சிக்கல். ‘எஸ். முருகன்’ என்று இனிஷியல் போட்டு எடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் வாசலில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே கொடுங்கள். அன்றைக்கு அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2007 பிப்ரவரி 2-ல் கட்டானியாவில் நடந்த கட்டானியா–பலெர்மோ ஆட்டத்தின்போது மைதானத்துக்கு வெளியே வெடித்த கலவரத்தில் ஃபிலிப்போ ராச்சீத்தி என்ற காவல் அதிகாரி உயிரிழந்தார். நாடு முழுவதும் லீக் நிறுத்தப்பட்டது. அதன் பிறகுதான் பாதுகாப்பு விதிகள் இவ்வளவு இறுகின.

எங்கே உட்காரலாம்?

கோலுக்குப் பின்னால் இருக்கும் வடக்கு வளைவுக்குப் பெயர் குர்வா நோர்த். தீவிர ரசிகர்களின் இடம். முரசு, கொடி, 90 நிமிடமும் பாட்டு. அங்கே யாரும் உட்காரமாட்டார்கள். கைபேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே இருந்தால் விரும்பவும் மாட்டார்கள். ஆட்டத்தையும் பார்க்க வேண்டும், குர்வாவையும் கேட்க வேண்டும் என்றால் பக்கவாட்டில் கிராதினாத்தா பகுதியில் எடுங்கள். முதல் முறைக்கு அதுதான் சரி. குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் அதுவே. தாத்தா, பேரன், அத்தை என்று வீட்டோடு வந்திருப்பவர்கள் பக்கத்தில் இருப்பார்கள்.

மைதானத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

ரென்சோ பார்பேரா மைதானம். 1932 ஜனவரியில் திறந்தது. சுமார் 36,000 பேர் அமரலாம். பழைய பெயர் லா ஃபவோரீத்தா. பக்கத்துப் பூங்காவின் பெயர் அது. எழுபதுகளில் கிளப்பின் தலைவராக இருந்த பார்பேராவின் பெயரை 2002-ல் வைத்தார்கள். வயதானவர்கள் வாயில் இன்னும் ஃபவோரீத்தாதான்.

1990 உலகக் கோப்பையின் மூன்று குழு ஆட்டங்கள் இங்கே நடந்தன. நெதர்லாந்து, எகிப்து, அயர்லாந்து மூன்றும் ஒன்றோடொன்று மோதின, மூன்றுமே சமன். அந்தப் போட்டிக்காக மைதானத்தைப் புதுப்பித்தபோது, 1989 ஆகஸ்டில் கட்டுமானம் சரிந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். உள்ளே நுழையும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அதே உலகக் கோப்பையில் ஆறு கோல் அடித்து முதலிடம் பிடித்த சல்வதோரே ஸ்கில்லாச்சி பலெர்மோவின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பலெர்மோ அணிக்காக அவர் ஆடியதே இல்லை. இருந்தும் 2024 செப்டம்பரில் அவர் இறந்தபோது, ஊர் மக்கள் கடைசியாகப் பார்க்க உடலை இந்த மைதானத்தில்தான் வைத்தார்கள்.

உள்ளே கிளப்பின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆட்டம் இல்லாத நாளில் போய்ப் பாருங்கள்.

மைதானத்துக்கு எப்படிப் போவது? என்ன கொண்டுபோகக் கூடாது?

மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஊரின் நடுவாக வடக்கே போகும் 101 எண் நகரப் பேருந்து மைதானப் பக்கம் விடும். ஆட்ட நாளில் இரண்டு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். பொலிதேயாமா அரங்கிலிருந்து லிபெர்த்தா சாலை வழியாக நடந்தும் போகலாம். இளஞ்சிவப்புச் சால்வைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கூட்டமாவதை அப்போதுதான் பார்க்க முடியும்.

கண்ணாடி பாட்டில், ஹெல்மெட், கூர்முனைக் குடை வேண்டாம். தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள்.

என்ன நிறத்தில் உடுத்தலாம்?

எது வேண்டுமானாலும், சிவப்பும் நீலமும் கலந்த ஜெர்சியைத் தவிர. அது தீவின் போட்டி அணியான கட்டானியாவின் நிறம். பார்சிலோனா ஜெர்சிதானே என்று நீங்கள் நினைக்கலாம். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அப்படித் தெரியாது. வாசலில் விற்கும் ஒரு ரோசாநேரோ சால்வையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

சாப்பாடு? நான் சைவம்.

பலெர்மோவின் தெருச் சாப்பாட்டில் சைவருக்குப் பசி வராது. முதலில் பனெல்லே. கடலைமாவைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கிண்டிக் காய்ச்சி, ஆறவைத்து, மெல்லிய வில்லையாக வெட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். எள் தூவிய பன்னுக்குள் சுடச்சுட நாலைந்து அடுக்கி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். நம் பஜ்ஜிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்லலாம். கூடவே உருளைக்கிழங்கில் செய்த குரொக்கே கேளுங்கள். மைதானத்தைச் சுற்றி நிற்கும் வண்டிகளில் இரண்டும் கிடைக்கும்.

அரஞ்சீனா என்பது சாத உருண்டையைப் பொரித்தது. பலெர்மோவில் அதைப் பெண்பாலில் அரஞ்சீனா என்பார்கள். கட்டானியாவில் ஆண்பாலில் அரஞ்சீனோ. மாற்றிச் சொன்னால் திருத்துவார்கள், அது அவர்களுக்கு மான விஷயம். சைவர்கள் கவனிக்க: ‘அல் பூர்ரோ’ என்று எழுதியிருக்கும். வெண்ணெய் என்றுதான் பொருள், ஆனால் உள்ளே பன்றித்தொடை இறைச்சித் துண்டு இருக்கும். கீரை வைத்தது ‘ஸ்பினாச்சி’, அதைக் கேளுங்கள். ஸ்ஃபின்சோனே என்ற தடித்த ரொட்டியில் பெரும்பாலும் நெத்திலி சேர்ப்பார்கள். கன்னோலி என்ற இனிப்பின் மொறுமொறு ஓட்டில் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு சேரும். கறாரான சைவர்கள் கத்தரிக்காயில் செய்யும் கப்பொனாத்தாவில் நிம்மதியாக இருக்கலாம்.

அசைவர்களுக்கு ஊரின் பெருமை ‘பானி கா மேவுசா’. மாட்டு மண்ணீரலை வேகவைத்து, கொழுப்பில் வதக்கி, பன்னில் வைத்துத் தருவது. ஈரல் சாப்பிடுகிறவருக்குப் பிடிக்கும்.

பலெர்மோவில் தமிழர்கள் இருக்கிறார்களா?

நிறைய. 1980-களில் இலங்கைப் போர் விரட்டியவர்கள் இங்கேயும் வந்து இறங்கினார்கள். வீட்டு வேலை, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று தொடங்கி வேர்விட்ட குடும்பங்கள். பல்லரோ சந்தைப் பக்கம் நடந்தால் தமிழ் காதில் விழும்.

அவர்களைப் பற்றி ஊர்க்காரர்கள் வியந்து சொல்லும் ஒன்று உண்டு. மைதானத்துக்கு மேலே எழுந்து நிற்கும் மலை மோந்தே பெல்லெக்ரினோ. சுமார் 600 மீட்டர். அதன் மேல் ஒரு குகையில் பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியாவின் கோயில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் செல்வ வீட்டைத் துறந்து அந்தக் குகையில் தவம் இருந்தவர் என்பது நம்பிக்கை. 1624-ல் ஊரைக் கொள்ளைநோய் தாக்கியபோது அவருடைய எலும்புகள் அங்கே கிடைத்தன. ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் நின்றது என்கிறார்கள். அந்தக் கோயிலுக்கு விடாமல் மலையேறி வருகிறவர்களில் ஈழத் தமிழர்கள் முன்னால் நிற்கிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, சைவ சமயத்தவர்களும்தான். மலை, குகை, பாறையிலிருந்து சொட்டும் நீர், நேர்த்திக்கடன். குன்றுதோறும் கோயில் வைத்தவர்களுக்கு அந்த இடம் எப்படி அந்நியமாக இருக்கும்?

ஆட்ட நாளிலேயே மலைக்கும் போய்வர முடியுமா?

இரவு ஆட்டமாக இருந்தால் தாராளமாக. ஊரின் வடக்கு ஓரத்திலிருந்து கல் பாவிய பழைய பாதை மேலே போகிறது. சுமார் நான்கு கிலோமீட்டர். செப்டம்பர் 4-க்கு முந்தைய இரவு ஊரே இந்த வழியில் ஏறும். சிலர் வெறுங்காலோடு, சிலர் முழங்காலில். அந்த ஏற்றத்துக்கு உள்ளூர்ப் பேச்சில் ‘அக்கியனாத்தா’. நடக்க முடியாதவர்களுக்கு நகரப் பேருந்து உண்டு. தோளும் முழங்காலும் மறைய உடுத்திப் போங்கள். காலையிலேயே ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள்.

வரும் வழியில் எங்காவது நின்று கீழே பாருங்கள். மரங்களுக்கு நடுவே பார்பேராவின் வளைவு தெரியும். சாயங்காலம் நீங்கள் கத்தப் போகிற இடம். அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்ததும் தலையைத் தூக்கி, நீங்கள் ஏறி இறங்கிய மலையைத் தேடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும்?

விளக்கு அணைகிற வரைக்கும் இருந்துவிட்டு வெளியே வாருங்கள். முதல் பேருந்தில் ஏற முடியாது, முயலவும் வேண்டாம். மறுநாள் 806 எண் பேருந்தில் மொந்தெல்லோ கடற்கரைக்குப் போங்கள். ஃபவோரீத்தா பூங்காவின் நடுவேதான் போகும். கரையில் உட்கார்ந்து, வட்ட பன்னைப் பிளந்து உள்ளே பிஸ்தா ஐஸ்கிரீமை அடைத்துத் தருவதைக் காலைச் சாப்பாடாகவே சாப்பிடலாம். பக்கத்து மேசையில் விரித்துக் கிடக்கும் இளஞ்சிவப்புத் தாள் பத்திரிகை விளையாட்டுக்கானது. கடைக்காரரிடம் ‘பலெர்மோ?’ என்று மட்டும் கேளுங்கள். நேற்றைய ஆட்டத்தில் யாரை முன்பே இறக்கியிருக்க வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்குவார்.